மாடி அறைக்கு வரி

அலவாய்க்கரை
12 அக்டோபர் 1960

அன்புத் தம்பி சுஐபுக்கு ராத்தா உம்மு ஹபீபாவின் ஸலாம்.

நானும் மகள் நூர் நிஷாவும் அல்லாஹ் கிருபையில் நலம். என் முழங்கால் மட்டும் நலமில்லை, அதை நாங்கள் கணக்கில் சேர்ப்பதில்லை. உன் இருமல் நின்றதா என்று மூன்று கடிதமாகக் கேட்கிறேன். நீ மூன்று கடிதமாகக் கொழும்பில் மழை என்று எழுதுகிறாய்.

விஷயத்துக்கு வருகிறேன். நம் ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வரப்போகிறது. சிரிக்காதே. பஞ்சாயத்து பிரசிடெண்டு நெய்னா முகம்மது நேற்று வந்து, வாசல் திரைக்கு வெளியே நின்றே ஒரு மணி நேரம் பேசிவிட்டுப் போனார். செலவில் மூன்றில் இரண்டு பங்கை சர்க்கார் மானியமாகத் தருமாம். ஒரு பங்கை ஊர் போட வேண்டும். கிணற்றுக்கும் மேல்தொட்டிக்கும் இடத்தை ஊர் இலவசமாகத் தர வேண்டும். மார்ச் முப்பத்தொன்றுக்குள் இடம் பஞ்சாயத்து பேருக்கு வந்து, வேலையும் தொடங்கியிருக்க வேண்டும். ஒரு நாள் பிந்தினாலும் பணம் சென்னைக்கே திரும்பிவிடும், வேறு ஊர் வாங்கிக்கொண்டு போய்விடும்.

இடம் எது என்று உனக்கே தெரியும். ஊருக்குள் எந்தக் கிணற்றில் இறைத்தாலும் உப்பு. வாப்பாவின் தோட்டத்துக் கிணறு ஒன்றுதான் இனிப்பு. அங்கிருந்து முத்தழகு மாட்டுவண்டியில் பீப்பாய் கட்டிக் கொண்டுவந்து விற்பதைத்தான் இன்றைக்கும் குடிக்கிறோம். போன வாரம் மாட்டுக்குக் கால் நொண்டி. நாலு நாள் உப்புத் தண்ணீரில் சோறு பொங்கினோம். நூர் நிஷாவுக்கு இது ஆறாவது மாதம். குடித்ததெல்லாம் வாந்தி. அவள் முகத்தைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை.

தோட்டத்தில் உனக்கு இரண்டு பங்கு, எனக்கு ஒரு பங்கு. என் பங்கைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். "தம்பி என்ன சொல்வாகளோ" என்றார் நெய்னா முகம்மது. "என் தம்பி மாட்டேன்னு சொல்லவே மாட்டான், எழுதிக்கிடுங்க" என்று உனக்கும் சேர்த்து வாக்குக் கொடுத்துவிட்டேன். பவர் பத்திரம் இத்துடன் இருக்கிறது. கொழும்பில் இந்திய ஹைகமிஷன் ஆபீசுக்குப் போய், அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டு, அவர் முத்திரையோடு அனுப்பு. ஒரு நாள் வேலை.

இருமலுக்குச் சித்தரத்தை போட்டுக் குடி.

உன் ராத்தா
உம்மு ஹபீபா


கொழும்பு, கெய்சர் தெரு
2 நவம்பர் 1960

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு, தம்பி சுஐபு ஸலாம் சொல்லி எழுதுகிறேன்.

நான் சுகம். இருமலும் சுகமாக இருக்கிறது. நூர் நிஷாவுக்கு மால்ட் டப்பா இரண்டு, கப்பலில் வருகிறவரிடம் கொடுத்திருக்கிறேன். கொழும்பில் மழை.

குழாய் வருவது நல்ல செய்தி. நெய்னா முகம்மது பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து என் சிலேட்டைப் பார்த்துக் கணக்குப் போட்டவர். இப்போது சர்க்காரிடமே கணக்குக் கேட்கிறார் என்றால் மெச்ச வேண்டும். ஊர் தன் பங்கை எங்கிருந்து போடப்போகிறது? வீட்டு வரியிலிருந்தா? அப்படியானால் நீங்கள் வரிக்காரரிடம் புறாக்கூடு என்று சொல்லி வைத்திருக்கும் மாடி அறை என்ன ஆகும்?

தோட்டத்து வடகிழக்கு மூலையில் ஒரு புன்னை நின்றதே, இருக்கிறதா? அந்த மூலையில் மழைத் தண்ணீர் தேங்குகிறதா, வடிந்துவிடுகிறதா? முத்தழகிடம் கேட்டு எழுதுங்கள்.

பத்திரத்தைப் படித்துப் பார்க்கிறேன். இங்கிலீசில் பொடி எழுத்தாக இருக்கிறது.

அன்புள்ள
சுஐபு


அலவாய்க்கரை
20 நவம்பர் 1960

தம்பிக்கு ராத்தாவின் ஸலாம். நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் வேண்டும், ஆனால் எனக்கு இப்போது உன் கையெழுத்தைப் பார்க்கத்தான் ஆவல்.

புன்னை இருக்கிறது. தண்ணீர் தேங்கவில்லை. போதுமா? இங்கே மானியம் தவித்துக்கொண்டிருக்கிறது, நீ மரத்தை விசாரிக்கிறாய்.

ஊர்ப் பங்கைப் பற்றிக் கேட்டாயே, அது ஒரு கூத்து. இராமநாதபுரத்திலிருந்து இன்ஜினியர் வந்திருந்தார். இப்போது புது ஏற்பாடாம். பஞ்சாயத்து ஒரு ரூபாய் வீட்டு வரி வசூலித்தால் சர்க்காரும் அதற்கு ஈடாக ஒரு ரூபாய் போடுமாம். அவர் நம் வரிப் பதிவேட்டைத் திறந்து பார்த்துவிட்டு, "என்னய்யா, ஊர் முழுக்க ஓட்டு வீடு, ஒரு மாடிகூட இல்லைன்னு எழுதியிருக்கு. தெருவில் அண்ணாந்து பார்த்தா வேற மாதிரி இருக்கே" என்று கேட்டாராம். கிளார்க் வேதமுத்து தலையைச் சொறிந்தாராம். இனி நாம் மறைக்கிற ஒவ்வொரு ரூபாய்க்கும் சர்க்கார் ரூபாயும் ஒன்று போய்விடும். ஆதாயம் என்று நினைத்தோம், அத்தனையும் நஷ்டம்.

அவருக்கு இன்னொரு ஆச்சரியம், வீடெல்லாம் பெண்கள் பேரில் இருப்பது. "ஆம்பளைக யாருக்கும் சொந்த வீடு இல்லையா?" என்றாராம். நம் வழக்கம் அவருக்கு எங்கே தெரியும். பிறந்த வீடு உம்மாவுக்கு, உம்மாவுக்குப் பிறகு மகளுக்கு. ஆண்பிள்ளை நிக்காஹ் முடிந்தால் பெண்டாட்டி வீட்டுக்குப் போகிறான். அவன் பேருக்கு ஒரு கதவு நம்பர் கிடையாது. உன்னையே எடுத்துக்கொள். ஐம்பது வயதாகிறது, சர்க்காருக்கு ஒரு பைசா வீட்டு வரி கட்டியிருக்கிறாயா? கொடுத்துவைத்தவன் நீ. வரியெல்லாம் எங்கள் தலையில்.

நான்தான் வீடு வீடாகப் போய், "மாடியைச் சொல்லிப்போடுங்க, வரி கூடினா தண்ணி கூடும்" என்று பேசிக்கொண்டிருக்கிறேன். பத்தொன்பது வீட்டுப் பெண்கள் ஒத்துக்கொண்டார்கள். நம் மாடி அறையை மட்டும் நான் இன்னும் சொல்லவில்லை. அதில் பழைய பாய், உடைந்த தொட்டில்தான் கிடக்கிறது. நீ இதை யாருக்கும் எழுதிவிடாதே.

பத்திரத்தை உடனே அனுப்பு.

உம்மு ஹபீபா


அலவாய்க்கரை
28 டிசம்பர் 1960

தம்பி சுஐபுக்கு.

ஸலாம். ஐந்து வாரமாகிவிட்டது. உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. தபால்காரர் தெருமுனையில் திரும்பும்போதெல்லாம் நூர் நிஷாவைத் திரைக்குப் பின்னால் நிறுத்தி வைக்கிறேன். அவளுக்கு இப்போது நிற்கவும் முடியவில்லை.

உடம்புக்கு ஏதாவதா? அப்படியென்றால் யாரையாவது விட்டு எழுதச் சொல். உடம்பு நன்றாக இருந்தும் எழுதாமல் இருக்கிறாய் என்றால், அதைவிட நோயே மேல் என்று சொல்லத் தோன்றுகிறது. சொல்லக் கூடாது. அல்லாஹ் உன்னை நன்றாக வைக்கட்டும்.

நெய்னா முகம்மது வாரம் ஒரு முறை வந்து திரைக்கு வெளியே இருமுகிறார். அந்த இருமலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். வாக்குக் கொடுத்தவள் நான். மூன்று மாதம்தான் இருக்கிறது.

உன் ராத்தா


கொழும்பு
9 ஜனவரி 1961

ராத்தாவுக்கு ஸலாம்.

என்னால் உங்கள் மனது கஷ்டப்பட்டதற்கு மன்னிக்கவும். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. கடையில் ஆள் குறைந்துவிட்டது, அலைச்சல் அதிகம்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காமல் நெய்னா முகம்மதுவிடம் கேட்டுச் சொல்லுங்கள். தோட்டம் முழுவதையும் எழுதிக் கொடுத்தே ஆக வேண்டுமா? வடகிழக்கு மூலையில் புன்னை நிற்கிற இடத்தில் ஐந்து சென்ட் மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை எழுதினால் ஆகாதா? ஐந்து அதிகம் என்றால் மூன்று. கிணற்றுக்கும் அந்த மூலைக்கும் தூரம் இருக்கிறதே. சும்மா ஓர் ஆசைக்குத்தான் கேட்கிறேன்.

நூர் நிஷாவுக்குப் பிரசவம் லேசாக நடக்க துஆ செய்கிறேன்.

சுஐபு


அலவாய்க்கரை
21 ஜனவரி 1961

சுஐபுக்கு ராத்தா எழுதுவது.

முதலில் நல்ல செய்தி. பதினாறாம் தேதி நூர் நிஷாவுக்கு ஆண் குழந்தை. தாயும் பிள்ளையும் சுகம். பிள்ளையை உப்புத் தண்ணீரில் குளிப்பாட்டி உடம்பெல்லாம் பொரிப்பொரியாகத் தடித்திருக்கிறது. முத்தழகு ஒரு பீப்பாய் தனியாகக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "புள்ளைக்கு மட்டும் வச்சுக்கங்க தாயி, காசு வேணாம்" என்று போய்விட்டான். வண்டிக்காரனுக்கு இருக்கிற இரக்கம் உனக்கு இல்லையே என்று அன்றைக்கு நான் அழுதேன். மறைக்க விரும்பவில்லை, அழுதேன்.

உன் ஐந்து சென்டைப் பற்றிக் கேட்டாயிற்று. இன்ஜினியரே வந்து சங்கிலி பிடித்து அளந்தார். குடிதண்ணீர்க் கிணற்றைச் சுற்றி நூறு அடிக்கு ஆள் குடியிருக்கக் கூடாதாம், கக்கூஸ், தொழுவம் எதுவும் கூடாதாம். நம் தோட்டம் ஒடுக்கமானது. எந்த மூலைக்குப் போனாலும் நூறு அடிக்குள் வந்துவிடுகிறது. முழுத் தோட்டமும் வந்தால்தான் மானியம், இல்லையென்றால் ஃபைலை மூடி வைத்துவிடுவார்கள். "அஞ்சு சென்ட் என்னத்துக்கும்மா அவுகளுக்கு?" என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை.

ஊரில் பதில் வைத்திருக்கிறார்கள். குழாய் வந்தால் அங்கே நிலம் விலை ஏறும், அதற்குத்தான் சுஐபு மூலையைப் பிடித்துக்கொண்டிருக்கிறான் என்று பேசுகிறார்கள். அப்படிப்பட்டவன் இல்லை என் தம்பி என்று சொன்னேன். சொல்லும்போது என் குரல் எனக்கே நிச்சயமாக இல்லை.

உனக்கு இங்கே எதற்கு நிலம்? பெண்டாட்டி இல்லை, பிள்ளை இல்லை. நீ வருவது மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, வந்தால் பத்து நாள். வாப்பா பேரில் நாலு பேர் தண்ணீர் குடிக்கட்டும் என்று உனக்குத் தோன்றவில்லையா?

இதற்கு மேல் நான் கேட்கப்போவதில்லை.

உம்மு ஹபீபா


கொழும்பு
14 பிப்ரவரி 1961

ராத்தாவுக்கு ஸலாம்.

மருமகள் பிள்ளை பெற்றதில் மிகவும் சந்தோஷம். உடம்பில் தடித்தது ஆறிவிட்டதா?

பத்திரத்தில் இன்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஹைகமிஷன் முத்திரையோடு இத்துடன் இருக்கிறது. முழுத் தோட்டமும் எழுதியிருக்கிறேன், மூலை எதுவும் விடவில்லை. நீங்கள் சொன்னது சரி, எனக்கு அங்கே நிலம் எதற்கு.

இனிமேல் கெய்சர் தெரு விலாசத்துக்கு எழுத வேண்டாம். இங்கே இருக்கிற நம் ஊர் அப்துல் குத்தூஸின் கடை விலாசத்தைக் கீழே எழுதியிருக்கிறேன், அங்கே எழுதினால் எனக்குக் கிடைக்கும். விசேஷம் ஒன்றுமில்லை, அறை மாறுகிறேன்.

புன்னையை வெட்டாமல் விட முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். முடியாவிட்டால் பாதகமில்லை.

சுஐபு


அலவாய்க்கரை
8 மார்ச் 1961

என் கண்ணான தம்பிக்கு ராத்தாவின் ஸலாமும் துஆவும்.

உன் பத்திரம் வந்ததிலிருந்து நான் தரையில் நடக்கவில்லை. முழங்கால் வலிகூட மறந்துவிட்டது. போன வியாழக்கிழமை கீழக்கரை சப்-ரிஜிஸ்தரார் ஆபீசுக்குத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு மாட்டுவண்டியில் போனேன். நான் என் பேரை அரபுத்தமிழில், அரபு எழுத்திலேயே, கையெழுத்துப் போட்டதைப் பார்த்துவிட்டு, ரிஜிஸ்தரார் காகிதத்தைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். கட்டை விரலையும் வைக்கச் சொன்னார்கள். இரண்டையும் வைத்தேன்.

பதிவு முடிந்த நகலை நெய்னா முகம்மது இராமநாதபுரத்துக்குக் கையிலேயே கொண்டு போனார். மானிய உத்தரவு வந்துவிட்டது. நேற்று கிணற்றடியில் கடப்பாறை போட்டார்கள். மார்ச் ஏழு. இருபத்து நாலு நாள் மிச்சம் வைத்து ஜெயித்துவிட்டோம். பள்ளிவாசலில் உன் பேரைச் சொல்லி துஆ ஓதினார்கள். விலை ஏறும் என்று பேசினவர்கள்தான் முதல் வரிசையில் நின்றார்களாம்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். கொடுத்தவன் எழுதிய கடிதம் மாதிரி இல்லை அது. ஏன் அறை மாறுகிறாய்? இருபத்தாறு வருஷம் கெய்சர் தெருவில் இருந்தவனுக்கு இப்போது என்ன வந்தது?

புன்னை தப்பாது போலிருக்கிறது. மேல்தொட்டி அங்கேதான் வருகிறது.

உன் ராத்தா


அலவாய்க்கரை
2 ஏப்ரல் 1961

தம்பிக்கு.

அப்துல் குத்தூஸ் ஊருக்கு வந்திருக்கிறார். தனுஷ்கோடியில் கப்பலை விட்டு இறங்கி, ரயிலிலும் பஸ்ஸிலும் அலைந்து வந்த களைப்பு தீராமலே நம் வீட்டுக்கு வந்தார். நான் உன் இருமலைப் பற்றித்தான் கேட்டேன். அவர் பாவம், எனக்கு எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டு பேசிவிட்டார்.

"என்ன ராத்தா செய்யிறது. அங்கன தங்கியிருக்க இனி பெர்மிட் தர மாட்டேங்கிறான். எனக்குப் போன மாசத்தோட முடிஞ்சிருச்சு, சுஐபு காக்காவுக்கு செப்டம்பர் முப்பது வரைக்கும் கடைசித் தவணை. கடையை இந்நேரம் கைமாத்தி விட்டுட்டாக" என்றார். அப்புறம் அவரே சொன்னார். "தோட்டத்துல புன்னை நிக்கிற மூலையில ஒத்தை அறையா ஒரு வீடு போட்டுக்கிறேன்னு ரெண்டு வருசமா சொல்லிக்கிட்டு இருந்தாக. இடிச்ச பங்களாவுல ஒரு தேக்குக் கதவுகூட வாங்கி வச்சிருக்காக. என் கடைக்குப் பின்னாலதான் சாத்தி நிக்குது. இப்ப என்ன ஆச்சுன்னு தெரியல, கதவை யாரும் வாங்குவாங்களான்னு விசாரிக்கச் சொன்னாக."

அவர் போன பிறகு நான் உள்ளே போய் உட்கார்ந்துவிட்டேன். நூர் நிஷா பிள்ளையைக் கொண்டுவந்து மடியில் போட்டாள், உன் பழைய கடிதங்களை எடுத்து வரச் சொன்னேன்.

ஏன் சொல்லவில்லை? இரண்டு வார்த்தை. "ராத்தா, எனக்கு இருக்க இடம் இல்லை" என்று எழுத உனக்குக் கை வரவில்லையா? ஊர் உன்னைப் பேராசைக்காரன் என்றதை நானும் பாதி நம்பி எழுதினேன். உனக்கு எதற்கு நிலம் என்று எழுதினேன். வரி கட்டாத கொடுத்துவைத்தவன் என்று கேலி செய்தேன். உன் பெண்டாட்டி மவுத்தாகி அடக்கம் முடிந்ததும் அவள் உம்மா பேரில் இருந்த வீடு மச்சினிக்குப் போனது. நீ ஒரு தகரப் பெட்டியோடு வாசலில் இறங்கினதை நான் என் கண்ணால் பார்த்தவள். பார்த்துவிட்டு, இரண்டு நாள் சோறு போட்டுக் கப்பலேற்றினேன். அப்புறம் நீ எங்கே வந்து இறங்குவாய் என்று நான் ஒரு நாளும் நினைத்ததில்லை. எனக்குப் பிறந்ததிலிருந்து வீடு இருந்தது, அதனால் நினைக்கவில்லை.

நம் வீட்டுக்கு வா. இது உம்மாவின் வீடு.

ஹபீபா


கொழும்பு
25 ஏப்ரல் 1961

மதிப்புக்குரிய ராத்தாவுக்கு ஸலாம்.

குத்தூஸுக்கு வாயில் பூட்டு இல்லை என்பது எனக்குத் தெரியும், கதவை அவர் கடையில் வைத்தது என் தவறு.

நீங்கள் ஒரு குற்றமும் செய்யவில்லை. நான் எழுதாததற்குக் காரணம், எழுதியிருந்தால் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று தெரியும். ஊரிடம் கொடுத்த வாக்கை வாபஸ் வாங்குவீர்கள். அப்புறம் நான் அந்த ஐந்து சென்டில் உட்கார்ந்து, முத்தழகின் வண்டி போவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும். ஊர் உப்புத் தண்ணீர் குடிக்க, நான் இனிப்புக் கிணற்றுப் பக்கத்தில். அது எனக்கும் சரிப்படாது. மூன்று மாதம் என்னோடு நானே மல்லுக்கட்டிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.

நீங்கள் கூப்பிட்டதே போதும். ஆனால் வர முடியாது. அந்த வீட்டை நூர் நிஷாவுக்கு என்று நிக்காஹ் சபையில் சொல்லியிருக்கிறீர்கள். மருமகன் மெட்ராஸிலிருந்து வந்து போகிற வீடு. அவர் வீட்டில் பெண்டாட்டியின் மாமன் ஒருவன் பாய் விரித்துக் கிடந்தால், முதல் வாரம் விருந்தாளி, இரண்டாம் வாரம் சுமை. யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் இருப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். ஒரு முறை பார்த்திருக்கிறேன்.

மெட்ராஸ் மண்ணடியில் தெரிந்தவர் கடை இருக்கிறது. கடையிலேயே படுத்துக்கொள்ளலாம் என்கிறார். எனக்கு அது பழக்கம்தான். நீங்கள் வருத்தப்பட வேண்டாம்.

சுஐபு


கொழும்பு
19 ஜூன் 1961

ராத்தாவுக்கு ஸலாம்.

எட்டு வாரமாக உங்களிடமிருந்து கடிதம் இல்லை. என் கடிதம் வந்ததா? கோபமா, உடம்புக்கு முடியவில்லையா? பிள்ளை எப்படி இருக்கிறான்? நான் உங்களைக் காக்க வைத்ததற்கு இப்போது நீங்கள் என்னைக் காக்க வைக்கிறீர்கள் என்றால் அது நியாயம்தான், ஆனால் போதும்.

கடையை விட்டாயிற்று. பகலெல்லாம், குத்தூஸின் கடையை இப்போது பார்த்துக்கொள்கிற அவர் தம்பியோடு உட்கார்ந்திருக்கிறேன். கதவை இரண்டு பேர் வந்து பார்த்தார்கள். ஏழு அடிக் கதவு, இந்தக் காலத்து வாசலுக்குப் பொருந்தாது என்று போய்விட்டார்கள்.

ஒரு வரி எழுதுங்கள்.

சுஐபு


அலவாய்க்கரை
30 ஆகஸ்டு 1961

அன்புத் தம்பிக்கு ராத்தாவின் ஸலாம்.

எல்லோரும் நலம். நான் கோபத்தில் எழுதாமல் இருக்கவில்லை. வேலையாக இருந்தேன். முடியும் முன்னால் எழுதினால் நீ குறுக்கே விழுந்து தடுப்பாய், அதனால் எழுதவில்லை. நீ மட்டும்தான் சொல்லாமல் செய்வாயா?

உன் ஏப்ரல் கடிதம் வந்த மறுநாளே பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். நான் உள்ளே நுழைந்ததும் கிளார்க் வேதமுத்து நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டு எழுந்து நின்றுகொண்டார். என் வீட்டு மாடி அறையை என் தம்பி பேருக்கு எழுதி வைக்கப்போகிறேன், அதற்குத் தனிக் கதவு நம்பர் வேண்டும் என்றேன். அவர் பதிவேட்டைப் பிரித்தார். "கதவு எண் பதினாலு. ஓட்டு வீடு. மாடி இல்லைன்னு இருக்கு. இல்லாத அறையை எப்படிம்மா எழுதிக் குடுப்பீக?"

"இருக்கு" என்றேன்.

"பன்னெண்டு வருசமா புறாக்கூடுன்னு சொன்னீகளே."

"புறா போயிருச்சு, தம்பி. ஆள் வாராக" என்றேன்.

அவர் சிரிக்கவில்லை, பேனாவை மூடி வைத்துவிட்டார். இல்லாத அறையை இருக்கிறதாக்குவது சாமானிய வேலை இல்லையாம். அளக்க ஆள் வர வேண்டும், போர்டு தீர்மானம் வேண்டும், ஒளித்த வருஷங்களுக்கும் சேர்த்து வரி போடுவார்களாம். ஊர் முழுக்க மாடியைச் சொல்லச் சொன்ன நானே என் மாடியை ஒளித்தது இப்போது தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பத்தொன்பது வீட்டிலும் சிரித்தார்கள். சிரிக்கட்டும், நானும் சேர்ந்து சிரித்தேன். பழைய வரி அத்தனையும் கட்டினேன். அதற்கு ஈடாக சர்க்கார் ரூபாயும் வருகிறது என்று நெய்னா முகம்மதுக்கு ஒரே சந்தோஷம்.

பிறகுதான் பெரிய சண்டை. வீட்டில் ஆணுக்கு ஒரு பங்கு எழுதுவது நம் ஊரில் கேள்விப்படாத விஷயம் என்று தெருவே திரண்டது. இன்றைக்குத் தம்பிக்கு என்பாள், நாளைக்கு எல்லா ஆண்களும் கேட்பார்கள் என்றார்கள். மருமகன் மெட்ராஸிலிருந்து எழுதினார். எழுத்து மரியாதையாக இருந்தது, விஷயம் மரியாதையாக இல்லை. அந்தக் கடிதத்தை நான் நூர் நிஷாவிடம் கொடுத்தேன். வீடு அவளுக்கு என்று சொன்ன வீடு, அவள் வேண்டாம் என்றால் நான் என்ன செய்ய முடியும்?

அன்றைக்கு மேல்தொட்டி முடியாவிட்டாலும், பம்பிலிருந்து நேராகக் குழாயில் சோதனைக்குத் தண்ணீர் விட்டிருந்தார்கள். நம் தெருமுனையில்தான் முதல் குழாய். அவள் ஒரு குடம் பிடித்து வந்து, பிள்ளையைக் காலில் போட்டுக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தாள். கடிதத்தை வாங்கிப் படித்துவிட்டு, ஈரக் கையாலேயே மடித்து வைத்தாள். "உம்மா, மாமா குடுத்த தண்ணில என் புள்ளைய குளிப்பாட்டுறேன். மாமாவுக்கு ஒரு அறை குடுக்க நான் யார்ட்டக் கேக்கணும்?" என்றாள். அவ்வளவுதான். அன்று சாயங்காலமே அவளும் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டாள். மருமகனுக்கு அவளே பதில் எழுதினாள், என்ன எழுதினாள் என்று என்னிடம் காட்டவில்லை.

மாடிப்படி சந்துப் பக்கம் வெளியே இருப்பது உனக்கு ஞாபகம் இருக்கும். உன் வாசல் தனி. யார் வீட்டுக்குள்ளும் நுழையாமல் நீ ஏறலாம், இறங்கலாம். தொட்டிலைக் கீழே இறக்கிவிட்டேன், இப்போது அதற்கு ஆள் இருக்கிறான். சன்னலைத் திறந்தால் மேல்தொட்டி தெரியும். புன்னை தெரியாது. அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை.

நீ இங்கே விருந்தாளி இல்லை. அதற்கு அத்தாட்சி இத்துடன் வைத்திருக்கிறேன். நம் தெருவில் ஓர் ஆண் பேருக்கு வருகிற முதல் வரிக் காகிதம் இதுதான் என்று வேதமுத்து சொன்னார்.

உன் ராத்தா
உம்மு ஹபீபா

(இணைப்பு)

அலவாய்க்கரை பஞ்சாயத்து போர்டு
வீட்டு வரிக் கேட்பு நோட்டீசு

கதவு எண்: 14 அ (மாடி)
உரிமையாளர்: சுஐபு
அரையாண்டு வரி: ரூபாய் ஒன்று, நயா பைசா எழுபத்தைந்து

மேற்படி தொகையை நோட்டீசு கிடைத்த பதினைந்து தினங்களுக்குள் போர்டு ஆபீசில் செலுத்த வேண்டியது. தவறினால் சட்டப்படி நடவடிக்கை எடுக்கப்படும்.


கொழும்பு
12 செப்டம்பர் 1961

ராத்தாவுக்கு, கதவு எண் 14 அ உரிமையாளர் சுஐபு ஸலாம் சொல்லி எழுதுவது.

நோட்டீசு கிடைத்தது. குத்தூஸின் தம்பி படித்துக் காட்டினார். நானே படித்திருப்பேன், அப்போது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பதினைந்து நாள் என்று போட்டிருக்கிறது. நடவடிக்கை எடுப்பார்களாம், பயமாக இருக்கிறது. பதினெட்டாம் தேதிக் கப்பலில் புறப்படுகிறேன். வரியை மணியார்டரில் அனுப்பலாம், ஆனால் நேரில் வந்து கட்டி ரசீது வாங்கத்தான் ஆசை. வேதமுத்துவிடம் சொல்லி வையுங்கள்.

மண்ணடிக்காரருக்கு வரவில்லை என்று எழுதிவிட்டேன். இருமல் உண்மையிலேயே இருக்கிறது, வந்து சித்தரத்தை குடிக்கிறேன்.

தேக்குக் கதவை விற்கவில்லை. கப்பலில் அதற்குத் தனிக் கூலி கேட்கிறார்கள், கொடுத்துவிட்டேன். கதவு ஏழு அடி. மாடி அறை வாசல் என்ன உயரம் என்று யாரையாவது விட்டு அளந்து வையுங்கள். குறைவாக இருந்தால் கதவை அறுக்க வேண்டாம், சுவரை இடித்துக்கொள்ளலாம். சுவர் என் பேரில்தானே இருக்கிறது.

சுஐபு